ஒரே குடுவையில் இரண்டு ஈஸ்ட்: யார் ஜெயிப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்

முதல் ஓட்டத்திலேயே எண்கள் 15.06, 9.85, 15.06, 9.85 என்று மாறி மாறி வந்து நின்றன. ஒரே ஒரு வகை ஈஸ்ட், ஒரு குடுவை, போட்டியாளர் யாரும் இல்லை. மெல்ல ஏறி 13-ஐத் தொட்டு அடங்க வேண்டிய வளைகோடு ரம்பப் பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு இனங்களின் போட்டியைக் கணக்கில் கொண்டுவரப் போகிறேன் என்று உட்கார்ந்தவனுக்கு ஒற்றை இனமே அடங்கவில்லை.

எடுத்துக்கொண்ட வேலை இதுதான். ஒரே உணவை, ஒரே இடத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் இரண்டு இனங்களில் எது நிலைக்கும், எது அழியும் என்று சொல்லும் பழைய மாதிரி ஒன்று உண்டு. 1920-களில் ஆல்ஃபிரட் லோட்காவும் வீட்டோ வோல்ட்டெராவும் ஒருவரை ஒருவர் சாராமல் எழுதியது. அதற்கு அடிப்படை, வெர்ஹுல்ஸ்ட் 1838-ல் எழுதிய ஒற்றை இன வளர்ச்சிச் சமன்பாடு. இதை ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தவர் மாஸ்கோவில் இருந்த கியோர்கி கவுசே. 1932-ல் இரண்டு ஈஸ்ட் வகைகளை முதலில் தனித்தனியாகவும், பிறகு ஒன்றாகவும் வளர்த்து அளந்து, சமன்பாட்டில் போட எண்களும் கொடுத்தார். அந்த எண்களை எடுத்து நானே கணினியில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தேன். பல சாயங்காலங்கள் ஆயின.

சமன்பாடு பார்க்கப் பயமுறுத்தாது. ஈஸ்டுகளில் ஒன்று சாக்கரோமைசிஸ், இன்னொன்று ஸ்கிசோசாக்கரோமைசிஸ். வாய் வலிக்காமல் இருக்க இனி சாக்கரோ, ஸ்கிசோ.

சாக்கரோவின் வளர்ச்சி = வீதம் × சாக்கரோ × (1 − (சாக்கரோ + ஆல்ஃபா × ஸ்கிசோ) ÷ 13)

ஸ்கிசோவின் வளர்ச்சி = வீதம் × ஸ்கிசோ × (1 − (ஸ்கிசோ + பீட்டா × சாக்கரோ) ÷ 5.8)

13-ம் 5.8-ம் தாங்குதிறன்கள். அதாவது தனியாக விட்டால் அந்தந்த ஈஸ்ட் எவ்வளவு வரை வளரும் என்பது. கவுசே செல்களை எண்ணவில்லை, ஈஸ்டின் கன அளவை அளந்தார். எனவே இவை அவர் வைத்துக்கொண்ட அலகுகள். மணிக்கு வளர்ச்சி வீதம் சாக்கரோவுக்கு 0.21827, ஸ்கிசோவுக்கு 0.06069. ஆல்ஃபா 3.15, பீட்டா 0.439. ஆல்ஃபா என்றால் என்ன? குடுவையில் ஓர் அலகு ஸ்கிசோ இருப்பது, சாக்கரோவுக்கு 3.15 அலகு சாக்கரோ கூடுதலாக இருப்பது போன்ற நெருக்கடி. பீட்டா இதற்கு எதிர்த்திசை. அவ்வளவுதான்.

சரி, ரம்பப் பல்லுக்கு வருவோம். நான் விரிதாளில் ஒவ்வொரு வரிசைக்கும் 10 மணி நேரம் என்று தாவியிருந்தேன். வரிசைகள் குறையட்டுமே என்ற சோம்பல்தான். வீதத்தைத் தாவலால் பெருக்கினால் 2.18. இந்தப் பெருக்கல் 2-ஐத் தாண்டினாலே கணக்கு இலக்கைத் தாண்டிக் குதித்து, திரும்பி வந்து, மறுபடி தாண்டும். ஈஸ்டுக்கும் இந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆடுவது என் விரிதாள். தாவலை 9 மணிக்குக் குறைத்தாலே ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிறது, ஆனால் வளைகோடு அப்போதும் பொய்தான். 0.1 மணிக்குக் கொண்டுவந்த பிறகுதான் நம்பும்படி இருந்தது. தாவலைப் பாதியாக்கினால் விடை மாறுகிறதா என்று பார்ப்பது அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது. மாறினால் அந்த விடையை யாரிடமும் காட்டுவதில்லை.

0.1 மணித் தாவலுக்கு விரிதாள் தாங்காது, பைத்தான் நிரல்மொழிக்கு மாறினேன். அங்கே காத்திருந்தது வேறு வகைப் பிழை.

உண்மையான எண்களைப் போடுவதற்கு முன், பதில் எனக்கே தெரிந்த ஒரு கேள்வியைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கற்பனை இனங்கள். வீதம் 0.5, தாங்குதிறன் 100, இரண்டு போட்டிக் கெழுக்களும் (ஆல்ஃபா, பீட்டா) 1.5, தொடக்கத்தில் ஆளுக்குப் 10. எந்த வித்தியாசமும் இல்லாததால் கடைசிவரை இரண்டும் சமமாகவே இருக்க வேண்டும். இருக்கவில்லை. முதல் இனம் 100-ஐத் தொட்டது, இரண்டாவது காலியானது. பெயர்களை இடம் மாற்றி ஓட்டினேன். அப்போதும் நிரலில் முதலில் எழுதப்பட்டதுதான் ஜெயித்தது!

வரிசையாகக் கண்ணை ஓட்டியதில் பிடிபட்டது. முதல் வரியில் முதல் இனத்தின் புதிய அளவைக் கணக்கிட்டு அதே பெயரில் சேமித்திருந்தேன். அடுத்த வரி இரண்டாம் இனத்தைக் கணக்கிடும்போது போட்டியாளராக அந்தப் புதிய, சற்றே பெருத்த அளவை எடுத்துக்கொண்டது. முதல் இனம் நேற்றைய எதிராளியோடு மோதுகிறது, இரண்டாம் இனம் இன்றைய எதிராளியோடு. ஒவ்வொரு தாவலிலும் மயிரிழை அளவு சலுகை. இனங்கள் நட்புடன் வாழக்கூடிய எண்களாக இருந்திருந்தால் இந்தப் பிழை கண்ணில் பட்டே இருக்காது. கெழு 1-க்கு மேல் இருக்கும்போதுதான் சின்னச் சலுகை பெரிதாகிக்கொண்டே போய் ஆளையே தீர்த்துவிடுகிறது. இரண்டு வளர்ச்சிகளையும் முதலில் கணக்கிட்டுவிட்டு, பிறகு இரண்டு அளவுகளையும் சேர்த்து மாற்றினேன். சரியானது.

சரியானதா? இப்போது இரட்டையர்கள் இருவரும் 40-க்கு வந்து நின்றார்கள். ஆயிரம் மணி, பத்தாயிரம் மணி ஓட்டினாலும் 40, 40. இரண்டும் சேர்ந்து வாழும் என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். ஆனால் இந்த மாதிரியில் இரண்டு கெழுக்களும் இப்படி 1-க்கு மேல் இருந்தால் சேர்ந்து வாழ்தல் நிலைக்காது என்றுதான் எல்லாப் பாடமும் சொல்கிறது. தன் இனத்தால் தனக்கு வரும் நெருக்கடியைவிட எதிரியால் வரும் நெருக்கடி அதிகம் என்றால் இருவரும் நீடிக்க முடியாது, முந்திக்கொண்டவர் ஜெயிப்பார். பிறகு எப்படி இது?

மலை முகட்டில் பந்தை நிறுத்திவைத்த கதைதான். எண்கள் இரண்டும் கடைசித் தசமம்வரை ஒன்றே என்பதால் கணினி செய்யும் முழுமையாக்கல் பிழைகூட இருபுறமும் ஒரே அளவில் விழுகிறது. தள்ளிவிட ஆளில்லை. ஒன்றை 40 என்றும் மற்றதை 40.001 என்றும் வைத்து மறுபடி ஓட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இடைவெளி 23 மணிக்கு ஒருமுறை பத்து மடங்காகிறது என்று காகிதத்தில் போட்ட கணக்கு சொன்னது, 0.001-ல் இருந்து 10-க்கு வர 92 மணி ஆக வேண்டும். ஓட்டமும் கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. அதுவரை சும்மா இருந்த இரண்டு கோடுகள் பிரிந்தன, ஒன்று 100-க்குப் போனது, மற்றது தரைக்கு. இதைப் பார்த்ததில் இருந்து நீளமாகக் கிடக்கும் தட்டையான கோட்டைச் சமநிலை என்று நம்புவதில்லை. லேசாகத் தட்டிப் பார்ப்பேன்.

இந்த இடத்தில் கையால் எழுதிய தாவல் கணக்கையும் விட்டுவிட்டு பைத்தானின் ஸைபை நூலகத்தில் இருக்கும், இத்தகைய சமன்பாடுகளைத் தீர்த்துத் தரும் கருவிக்குப் போனேன். அதுவும் முழுக்க நம்பத்தக்கதல்ல. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது ஏற்கும் சார்புப் பிழை ஆயிரத்தில் ஒன்று. அன்றாட வேலைக்குப் போதும், முகட்டில் நிற்கும் பந்துக்குப் போதாது. பத்துக் கோடியில் ஒன்றாக இறுக்கிவைத்தேன்.

ஒருவழியாகக் கவுசேயின் எண்கள். இரண்டும் தலா 0.5 அலகில் தொடங்கட்டும் என்று வைத்தேன். ஓட்டினேன். சாக்கரோ ஜம்மென்று 13-க்கு ஏறியது. ஸ்கிசோ ஆறேழு மணிக்குள் உச்சத்தைத் தொட்டு, 30-ஆம் மணிக்குள் கிட்டத்தட்ட காலி. வேகமாக வளர்வது சாக்கரோ, தாங்குதிறன் அதிகம் உள்ளதும் சாக்கரோ. ஜெயிக்காமல் என்ன செய்யும்? எனக்கு முழுத் திருப்தி.

எதிர்பார்த்த விடை வந்தால் யாரும் நிரலைத் திறந்து பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. உறுத்தியது வேறு ஒன்று: கவுசேயின் கலப்புக் குடுவையில் இரண்டு ஈஸ்டுகளுமே வளர்ந்தன, தனியாக இருந்தபோது வளர்ந்ததைவிடக் குறைவாக. எதுவும் 30 மணி நேரத்தில் துடைத்துப் போட்டதுபோல் மறையவில்லை. மறுபடி பார்த்தால், ஆல்ஃபாவும் பீட்டாவும் இடம் மாறிக் கிடக்கின்றன. கெழுக்களை அணியாக எழுதும்போது 'ஒன்று, இரண்டு' என்ற குறியீடு எதைச் சொல்கிறது என்பதில் எல்லாரும் ஒருமுறையாவது சறுக்குவார்கள் என்று நினைக்கிறேன். அது ஒன்றின் மீது இரண்டு செலுத்தும் அழுத்தம். நான் ஒன்று இரண்டின் மீது செலுத்துவது என்று படித்திருந்தேன்.

இதற்கென ஒரு சோதனை எழுதி நிரலின் தலையிலேயே வைத்தேன். குடுவை முழுக்க ஓர் இனம் தன் தாங்குதிறனில் நிற்கிறது. மற்றதில் ஒரு துளி மட்டும் விடு. அந்தத் துளி பெருகுமா, சிறுக்குமா? இதைக் கையாலேயே போடலாம். ஸ்கிசோ 5.8-ல் நிற்கும்போது சாக்கரோவுக்கு அது 3.15 × 5.8 = 18.27 அலகு நெருக்கடி. 13-ஐவிட அதிகம், எனவே சாக்கரோத் துளி அழியும். சாக்கரோ 13-ல் நிற்கும்போது ஸ்கிசோவுக்கு 0.439 × 13 = 5.707. அதன் எல்லை 5.8. எனவே ஸ்கிசோத் துளி பெருகும்.

இதை எழுதிவிட்டு ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்தேன். நுழைய முடிவது ஸ்கிசோவால். நுழைய முடியாதது சாக்கரோவால். அப்படியானால் ஜெயிப்பது ஸ்கிசோ! வீதம் கால்வாசியைச் சற்றே தாண்டிய, தாங்குதிறன் பாதிக்கும் குறைவான நோஞ்சான்.

கெழுக்களைச் சரியான இடத்தில் போட்டு ஓட்டினேன். 40-ஆம் மணியில் சாக்கரோ 8.7, ஸ்கிசோ 1.3. அந்த நேரத்தில் குடுவையைப் பார்க்கும் எவரும் சாக்கரோவுக்கு மாலை போட்டுவிடுவார்கள். ஆனால் சாக்கரோவுக்கு அதுதான் உச்சம். அதன் பிறகு நகக்கண் அளவு நகக்கண் அளவாக இறங்குகிறது. ஸ்கிசோ ஏறிக்கொண்டே இருக்கிறது. 170-ஆம் மணியை ஒட்டி இரண்டு கோடுகளும் 3.5 பக்கத்தில் வெட்டிக்கொண்டன. 300-ஆம் மணியில் சாக்கரோ பேருக்குக்கூட இல்லை. இந்த ஒரு படத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு சின்ன இடைச்செருகல். 'பேருக்குக்கூட இல்லை' என்றாலும் கணக்கில் அது சுழி ஆகவே ஆகாது. லட்சத்தில் ஒரு பங்கு, கோடியில் ஒரு பங்கு என்று தேய்ந்துகொண்டே போகும், சூழல் மாறினால் அங்கிருந்து மறுபடி முளைத்தும் வரும். நரிகளிடையே வெறிநோய் பரவுவதற்கான ஒரு மாதிரியில் ஒரு நரியின் பத்தாயிரம் கோடி கோடியில் ஒரு பங்கு மிச்சமிருந்து அடுத்த அலையைக் கிளப்பியதை ஆய்வாளர்கள் கிண்டல் செய்திருக்கிறார்கள். ஒரு செல்லுக்கும் கீழே போனால் சுழியாக்கிவிடு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது.

இப்போது உண்மையான தலைவலி. 5.707-க்கும் 5.8-க்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? 1.6 சதவீதம். பீட்டா 0.439 என்பது 0.447 ஆக இருந்திருந்தால் அந்த நுழைவாயில் மூடிவிடும். அளந்து பொருத்திய எண்ணில் மூன்றாவது தசமத்தை யார் உத்தரவாதம் தர முடியும்? பீட்டாவை 0.42, 0.44, 0.46 என்று மாற்றி மாற்றி முதல் 40 மணி நேரத்தை ஒரே படத்தில் வரைந்தேன். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. ஸ்கிசோவில் சில சதவீத வித்தியாசம், அதுவும் கடைசியில். ஈஸ்டை அளக்கும்போது வரும் பிழையே இதை விழுங்கிவிடும். அதாவது நாற்பது மணி நேரத் தரவுக்கு மூன்று எண்களும் பொருந்தும். ஆனால் 0.42-லும் 0.44-லும் ஸ்கிசோ ஒரு துளியில் இருந்தும் ஜெயிக்கும். 0.46-ல் போதுமான அளவில் தொடங்கினால் மட்டுமே ஜெயிக்கும், துளியாக வந்தால் அழியும். வளைகோடு எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அது தீர்ப்பைச் சொல்லவில்லை.

இத்தோடு விட்டிருக்கலாம். விடாமல் போனதற்குக் காரணம் கவுசே அளந்து வைத்த இன்னொரு ஜோடி எண். இந்தக் குடுவைகளில் ஈஸ்டின் வளர்ச்சி நின்றது சர்க்கரை தீர்ந்ததால் அல்ல. அவையே உண்டாக்கிய ஆல்கஹால் சேர்ந்ததால். ஓர் அலகு சாக்கரோ 0.113 சதவீதம் ஆல்கஹாலை உண்டாக்குகிறது, ஓர் அலகு ஸ்கிசோ 0.247 சதவீதம். நெருக்கடி என்பதே ஆல்கஹால்தான் என்று வைத்துக்கொண்டால் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் வளைகோட்டில் இருந்து பொருத்தி எடுக்கவே வேண்டாம். ஆல்ஃபா = 0.247 ÷ 0.113 = 2.186. பீட்டா அதன் தலைகீழ், 0.457.

பீட்டா பரவாயில்லை, பொருத்தி எடுத்த 0.439-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆல்ஃபா 3.15-க்கு எட்டவில்லை. ஸ்கிசோ ஆல்கஹாலைத் தவிர வேறு எதையோ கலந்து சாக்கரோவைத் தொந்தரவு செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது இருக்கட்டும். இந்த இரண்டு எண்களையும் துளிச் சோதனையில் போட்டேன். 2.186 × 5.8 = 12.68, 13-க்குக் கீழே, சாக்கரோ நுழையலாம். 0.457 × 13 = 5.94, 5.8-க்கு மேலே, ஸ்கிசோ நுழைய முடியாது. தீர்ப்பு அப்படியே தலைகீழ். அதே ஆய்வு, அதே ஈஸ்ட். கெழுவை வளைகோட்டில் இருந்து எடுத்தால் ஸ்கிசோ ஜெயிக்கிறது, ஆல்கஹாலில் இருந்து எடுத்தால் சாக்கரோ ஜெயிக்கிறது.

ஏன் என்று பார்த்தால் காரணம் எளிமையானது. சாக்கரோ 13 அலகில் நிற்கிறது என்றால் அப்போது குடுவையில் 13 × 0.113 = 1.469 சதவீதம் ஆல்கஹால். ஸ்கிசோ 5.8-ல் நிற்கும்போது 5.8 × 0.247 = 1.433. ஆக இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே ஆல்கஹால் அளவில் கையைத் தூக்குகின்றன. சாக்கரோ ஒரு முடி அளவு கூடத் தாங்கும். ஒரே ஒரு தடைதான் இருவருக்கும் என்றால், அந்தத் தடையை அதிகம் தாங்குபவர் கடைசியில் நிற்பார். உணவுப் போட்டியில் இதையே திருப்பிப் போட்டால், உணவு எவ்வளவு குறைந்தாலும் பிழைத்துக்கொள்பவர் ஜெயிப்பார். சூழலியலாளர் டேவிட் டில்மன் 1970-களில் டயாட்டம் பாசிகளை வைத்துச் சோதித்தது இந்த வகைக் கணக்கைத்தான். பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் என்று இரண்டு சத்துகள் இருந்து, ஒவ்வொரு பாசிக்கும் வெவ்வேறு சத்து முட்டுக்கட்டையானால் இரண்டும் சேர்ந்து வாழ இடம் கிடைக்கிறது.

என் ஓட்டத்தில் இந்த 'வெற்றி' நம்ப முடியாத மந்தம். இரண்டும் சாக்கரோ 10.4, ஸ்கிசோ 1.2 என்ற அளவுக்கு வந்துவிட்டு, அதன் பிறகு ஸ்கிசோ பாதியாகத் தேய 450 மணி நேரம் பிடிக்கிறது. கிட்டத்தட்ட 19 நாள். அதற்கு அப்புறம் இன்னொரு பாதிக்கு இன்னொரு 19 நாள்.

அந்த மந்தமான கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முழு விஷயத்திலும் இருந்த அபத்தம் உறைத்தது. மூடிய குடுவை. ஸ்கிசோ தேய்கிறது. என் சமன்பாட்டில் ஸ்கிசோ தேயத் தேய அது கொடுத்த நெருக்கடியும் தேய்கிறது, அந்த இடத்தில் சாக்கரோ ஏறுகிறது. நெருக்கடி என்பது ஆல்கஹால் என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் செத்த ஈஸ்ட் தான் உண்டாக்கிய ஆல்கஹாலைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு சாகிறது என்று அர்த்தம். உலகத்தில் எந்த ஈஸ்டும் அப்படிச் செய்யாது.

லோட்கா-வோல்ட்டெரா வடிவத்தில் ஆல்கஹாலுக்கு என்று தனி வரியே இல்லை. அதைக் கெழுவுக்குள் மறைத்துவைத்திருக்கிறார்கள். இரண்டும் வளரும் வரைக்கும் அந்த மறைப்பு சரியாக வேலை செய்யும். ஒன்று குறைய ஆரம்பித்த நொடியில் கணக்கு பொய் சொல்லத் தொடங்கும். 170-ஆம் மணியில் கோடுகள் வெட்டிக்கொண்ட அந்த அழகான படமும் அதே பொய்தான். அச்செடுத்து வைத்ததைக் கிழிக்க மனசு வரவில்லை.

ஆல்கஹாலுக்குத் தனி வரி எழுதினேன். ஈஸ்ட் வளர்ந்தால் ஆல்கஹால் கூடும், வளர்ச்சி நின்றால் அப்படியே இருக்கும், குறையவே குறையாது. சாக்கரோவின் வளர்ச்சி 1.469-ல் நிற்கும், ஸ்கிசோவினுடையது 1.433-ல். வளர்ச்சி சுழிக்குக் கீழே போகாதபடி ஒரு தடுப்பு. ஓட்டினால் சாக்கரோ 10.5, ஸ்கிசோ 1.2. அவ்வளவுதான், நின்றுவிட்டது. யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. இரண்டும் தங்கள் கழிவிலேயே உறைந்துபோய்விட்டன. 'யார் ஜெயிப்பார்' என்று நான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இந்தக் குடுவையில் விடையே கிடையாது.

கவுசே பிறகு பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரியை வைத்துச் செய்த சோதனைகளில் அது வளரும் ஊடகத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்தார். நான் எதேச்சையாகப் படித்து நகர்ந்த அந்த விவரத்தின் பலம் இப்போதுதான் புரிகிறது. பழைய கழிவு வெளியே போய்ப் புது உணவு உள்ளே வந்தால்தான் போட்டி கடைசிவரை நடக்கும். அங்கேதான் பாரமீசியம் ஆரீலியா, பாரமீசியம் காடேட்டமை முழுக்க ஒழித்துக்கட்டியது. அதே காடேட்டமை இன்னொரு பாரமீசியமான பர்சேரியாவோடு விட்டபோது இரண்டும் பிழைத்தன. ஒன்று மேலே மிதக்கும் பாக்டீரியாவைத் தின்றது, இன்னொன்று அடியில் படியும் ஈஸ்டை.

எனவே என் குடுவைக்கும் ஒரு குழாய் வைத்தேன். 1950-ல் மோனோவும், தனியாக நோவிக்கும் சிலார்டும் எழுதிய தொடர் வளர்ப்புக் கலன் மாதிரி: ஒரு பக்கம் புது ஊடகம் வந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் அதே அளவு வழிந்து போகும், ஈஸ்டும் ஆல்கஹாலும் சேர்ந்து. மணிக்குக் குடுவையில் 2 சதவீதம் மாறட்டும் என்று வைத்தேன். சமன்பாட்டில் மூன்று இடத்தில் ஒரு கழித்தல் சேர்த்தால் போதும்.

இப்போது துளிச் சோதனை வேறு மாதிரி. வெளியே அடித்துச் செல்லப்படும் வேகத்துக்கு ஈடாக வளர, சாக்கரோ 1.334 சதவீத ஆல்கஹால் வரை தாக்குப்பிடிக்கும். மெதுவாக வளரும் ஸ்கிசோ 0.96 வரைதான். முன்னே முடி அளவாக இருந்த வித்தியாசம் இப்போது கை அகலம். மூன்றாவது தசமத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கெழுவை எந்த வழியில் எடுத்தேன் என்ற கேள்வியும் எழவில்லை, கெழுவே இல்லையே. சாக்கரோ 11.8-ல் போய் நின்றது. ஸ்கிசோ 44 மணிக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போய், ஒரு செல்லுக்குக் கீழே என்ற வரி தட்டியதும் சுழியானது.

ஓட்ட வீதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மணிக்கு 6.1 சதவீதத்துக்கு மேல் போனால் சாக்கரோ இல்லாவிட்டாலும் ஸ்கிசோ தனியாகவே அடித்துச் செல்லப்படுகிறது, அதன் வளர்ச்சி வீதமே அவ்வளவுதான். ஒருமுறை 0.02 என்று தட்டுவதற்குப் பதில் 0.22 என்று தட்டிவிட்டேன். இரண்டு கோடுகளும் சேர்ந்து தரைக்கு இறங்கின. மறுபடியும் ஏதோ குறியீடு இடம் மாறிவிட்டதோ என்று அரை மணி நேரம் நிரலைக் கிண்டினேன். சாக்கரோவின் வீதம் 0.218, குழாய் அதைவிட வேகம். இந்த முறை கணக்கு சரி, தப்பு என் விரலில்தான்.